பாதியாக அளந்த மழை

உங்கள் மனைவி கொடுத்தனுப்பிய, மழை அளக்கும் கண்ணாடி ஜாடி நேற்றுக் காலை வந்து சேர்ந்தது. வெள்ளிமலை பஸ்ஸின் கண்டக்டர் அதைப் பழைய துண்டில் சுற்றி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்துக் கொண்டுவந்தார். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் என் கையில் கொடுக்கும்போது, "இன்னா சார் இது, பொட்டுனு புடிச்சாலே ஒடஞ்சிடும் போலருக்குது. பத்திரம் பத்திரம்னு அந்தம்மா என் உசுர வாங்கிட்டாங்க" என்றார்.

முந்தின நாள் உங்கள் மனைவி போனில் பேசியிருந்தார். "அவரு மேசையிலயே இருந்தது சார். தொடைக்கறப்பல்லாம் எனக்குக் கோவந்தான் வருது. நீங்க வெச்சிக்குங்க. வாணாம்னா நீங்களே ஒடச்சிடுங்க, நான் ஒடைக்க மாட்டேன்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஜாடியில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். மெல்லிய கோடுகள் அப்படியே இருக்கின்றன. நீங்கள் கற்றுக்கொடுத்தபடி குனிந்து, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக இறக்கி, நீர்ப்பரப்பு குழிந்திருக்கும் அடியைப் பார்த்தேன். "மேலேருந்து பாத்தா மழை ஜாஸ்தியா தெரியும், கீழேருந்து பாத்தா கம்மியா தெரியும். நேரா குனிஞ்சாதான் சார் அது உள்ளதச் சொல்லும்" என்பீர்கள். உங்கள் முழங்கால் வலி நாட்களிலும் அந்தக் குனிதலை விட்டதில்லை.

ஜாடியில் எந்தக் கோளாறும் இல்லை. இருந்திருந்தால் நாம் இருவரும் இத்தனை வருஷம் இவ்வளவு வெட்கப்பட்டிருக்க வேண்டியதில்லை.

கள்ளக்குறிச்சி அப்போது மாவட்டத் தலைநகர் இல்லை. நிருபரான எனக்குச் செய்தி என்பது தாலுகா ஆபீஸ், கோர்ட், கரும்பு ஆலை வாசல், மழைக்காலத்தில் மழையளவு. நீங்கள் வெள்ளிமலைமேல் இருந்த பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். பள்ளி வளாகத்தில் இருந்த மழைமானியையும் உங்கள் தலையில் கட்டியிருந்தார்கள். காலையில் அதில் சேர்ந்த தண்ணீரை இந்த ஜாடியில் ஊற்றி அளந்து, தபால் ஆபீசிலிருந்து தாலுகாவுக்குச் சொல்லிவிட்டு, அடுத்த அழைப்பில் எனக்கும் சொல்வீர்கள். நம் நட்பு அந்தக் கரகரக்கும் போனில்தான் வளர்ந்தது.

"எழுதிக்குங்க, பதினேழு புள்ளி நாலு."

"பதினேழுன்னு போட்டுக்கறேன் சார்."

"புள்ளி நாலு எங்க போச்சு? அது வானத்துலேருந்து வந்தது சார், உங்க ஆபீசுலேருந்து வர்ல."

அதன் பிறகு நான் புள்ளியை விட்டதே இல்லை. எங்கள் பத்திரிகையில் பத்தாம் பக்க மூலையில் பொடி எழுத்தில் வரும் மழையளவில், மலைக்கு மட்டும் புள்ளி இருக்கும். அச்சுக் கோப்பவர் அதைப் பார்த்தாலே, "உங்க வாத்தியாரு மழையா?" என்று கேட்பார். எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. சரியாக எழுதுகிறவன் என்று எனக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரில் பாதி உங்கள் புள்ளிகளால் வந்தது.

ஒருமுறை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து உங்கள் வகுப்பைக் கேட்டிருக்கிறேன். பிளஸ் ஒன் முதல் பாடம், அளவீடு. ஒரு கோலிக்குண்டையும் வெர்னியர் அளவியையும் கொடுத்து, குண்டின் விட்டத்தை ஒவ்வொருவராக அளக்கச் சொன்னீர்கள். ஆளுக்கொரு எண் வந்தது. யார் சொன்னது சரி என்று கேட்டீர்கள். "எல்லாருமே கொஞ்சம் தப்பு. எவ்ளோ தப்பா இருக்கலாம்னு சேத்துச் சொல்லத் தெரிஞ்சாத்தான் அளந்ததுக்கு மரியாதை" என்றீர்கள்.

பிறகு இரண்டு வகைப் பிழையைச் சொன்னீர்கள். "ஒரு தபா ஜாஸ்தி, ஒரு தபா கம்மின்னு வந்தா பயப்படாதீங்க. பல தபா அளந்து சராசரி எடுத்தா அது கொறஞ்சிடும். எப்பவும் ஒரே பக்கமா தப்பறான் பாரு, அவன்தான் ஆபத்து. ஆயிரம் தபா அளந்தாலும் அதே தப்புதான் வரும். எல்லாம் ஒண்ணாவே வர்றதால அவனுக்குச் சந்தேகமே வராது." முன் வரிசையில் ஒரு பெண் இதை வேகமாக எழுதிக்கொண்டிருந்தாள். ஓடைக்கு அந்தப்பக்கக் குக்கிராமத்திலிருந்து வந்த மல்லிகா அவள். அவள் அப்பா சடையன், பள்ளி விடுதிக்கு மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்து போடுகிறவர்.

சடையனைச் சீண்டுவது உங்களுக்குப் பிடிக்கும். மலை மக்கள் மழையை உழவுக் கணக்கில் சொல்வார்கள். பெய்த மழை மண்ணில் எவ்வளவு ஆழம் இறங்கி ஏர் ஓட்ட வைக்கிறது என்பதுதான் கணக்கு.

"ரெண்டு ஒழவு மழ சார்" என்பார் சடையன்.

"ஒரு ஒழவுன்னா எத்தினி மில்லிமீட்டரு?"

"அது மண்ணுக்கு ஏத்தாப்பல சார். செம்மண்ணுக்கு ஒண்ணு, கல்லாங்காட்டுக்கு ஒண்ணு."

"அப்ப அது அலகு இல்லைய்யா, அபிப்பிராயம்."

சடையன் சிரிப்பார். நீங்களும் சிரிப்பீர்கள். இந்தப் பேச்சை நானே இரண்டு மூன்று இடங்களில் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அந்த வருஷம் மழைக்காலம் தொடங்கும்போது பலாமரக் கிளை முறிந்து மழைமானியின் மேல் விழுந்தது. புனல் நசுங்கிவிட்டது. புது மழைமானி பஸ்ஸில் வந்தது. பெட்டியைப் பிரித்தால் வைக்கோலுக்குள் அதன் ஜாடி தூள்தூளாகக் கிடந்தது. மலைப்பாதை வளைவுகளில் முட்டையே உடையாமல் வந்து சேராது. நீங்கள் எனக்குப் போன் செய்தீர்கள். "எழுதிப்போட்டு வேற ஜாடி வர்றதுக்குள்ள மழையே முடிஞ்சிடும் சார். நல்லவேளை, பழைய ஜாடி முழுசா இருக்குது. புது மழைமானிக்கு வாய் மட்டும் கொஞ்சம் சின்னது, புது மாடலு போல. ஒரு நாள் கணக்குகூட வுடாம எடுத்துட்டேன்." குரலில் அத்தனை சந்தோஷம். நான் பாராட்டினேன்.

பிறகு அந்த மழை வந்தது. நாள் கணக்காக விடாமல் அடித்தது. மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்துக்கு மேல் பஸ் போகவில்லை. ஓடைகள் பாதையை அறுத்துக்கொண்டு போயின. மலையில் மரவள்ளிக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகியது. நிவாரணம் அறிவித்தார்கள். மழைமானி காட்டிய அளவு ஒரு வரம்பைத் தாண்டிய இடங்களுக்கு மட்டும். சமவெளி ஊர்கள் தாண்டின. மலை தாண்டவில்லை.

சடையனும் அவர் ஊர்க்காரர்களும் இறங்கிவந்து தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றார்கள். "எட்டு ஒழவு மழ சார், எட்டு ஒழவு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்கள். நான் இருதரப்பையும் கேட்டுச் செய்தி எழுதினேன். உங்கள் எண்களைப் புள்ளியோடு போட்டேன். பாதிப்பை மிகைப்படுத்துவதாக அதிகாரிகள் கருதுவதையும் போட்டேன். 'அளவு சொல்வது ஒன்று, விவசாயிகள் சொல்வது வேறு' என்று தலைப்புக் கொடுத்தேன். அந்தச் செய்தியில் ஒரு சொல்கூட ஆதாரமில்லாமல் எழுதப்பட்டதல்ல. இன்றைக்கு எடுத்துப் படித்தாலும் பிழைதிருத்த எதுவும் கிடைக்காது. அதை நினைக்கும்போதுதான் எனக்கு முகம் சுடுகிறது.

அந்த அடைமழை ஓய்ந்து, நிவாரணப் பட்டியலும் போன பிறகு ஒருநாள், முதல் பஸ்ஸில் நீங்கள் இறங்கிவந்தீர்கள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பாய் டீக்கடையில் நான் உட்கார்ந்திருந்தேன். உங்கள் கையில் ஒரு காலி பெயின்ட் டப்பா.

"இன்னா வாத்தியாரே, டப்பாவத் தூக்கிக்கினு வர்றீங்க. வூட்டுக்கு வெள்ளையடிக்கப் போறீங்களா?" என்றார் பாய்.

"இல்ல பாய், மூஞ்சில கரி பூசிக்கப் போறேன்" என்றீர்கள்.

பாய் சிரித்தார். நான் உங்கள் முகத்தைப் பார்த்ததால் சிரிக்கவில்லை. டீயைத் தொடாமல் சொன்னீர்கள். உங்கள் மனைவி ஜன்னலுக்குப் பெயின்ட் அடித்துவிட்டு டப்பாவைக் கழுவி வாசலில் வைத்திருக்கிறார். இரவு மழை. காலையில் கை பழக்கத்தில் ஒரு ஸ்கேலை அதற்குள் விட்டிருக்கிறீர்கள். பக்கம் நேராக நிற்கும் எந்தப் பாத்திரத்திலும் வாய் பெரிதோ சிறிதோ, நீரின் ஆழம்தான் மழையின் அளவு. ஸ்கேல் காட்டியது மழைமானி சொன்னதைப்போல இரண்டு மடங்கு. கூரைத் தண்ணீர் தெறித்திருக்கும் என்று டப்பாவை மைதானத்தின் நடுவில் கொண்டுபோய் வைத்தீர்கள். அடுத்த மழையிலும் இரண்டு மடங்கு. அதற்கடுத்த மழையிலும்.

"எப்பவும் ஒரே பக்கமா" என்றீர்கள். எனக்கு உங்கள் வகுப்பு ஞாபகம் வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும்.

அப்புறம்தான் லேபிலிருந்து வெர்னியரை எடுத்துப்போய்ப் புது மழைமானியின் வாயை அளந்திருக்கிறீர்கள். பரப்பு பழையதில் பாதி. பாதி வாய், பாதித் தண்ணீரைத்தான் பிடிக்கும். பழைய ஜாடியின் கோடுகளோ பெரிய வாய்க்குப் போட்டவை. "புள்ளி நாலு, புள்ளி ஆறுன்னு நான் அனுப்பிச்ச அத்தன மழையும் பாதி சார். வருஷா வருஷம் புள்ளைங்ககிட்ட கோலிக்குண்டக் குடுத்து அளக்கச் சொல்றேன். அந்த வாய ஒரு தபா அளந்து பாக்கணும்னு எனக்குத் தோணல."

தாலுகா ஆபீசுக்கு நானும் உங்களோடு வந்தேன். அங்கிருந்த அதிகாரி கெட்டவர் இல்லை. டப்பாவை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "பட்டியல் போயிடுச்சு சார். நீங்க அனுப்புன நம்பரு, நீங்களே தப்புன்றீங்க. பெயின்ட் டப்பாவ வெச்சி இத மாத்துனா நாளைக்கு இன்னொருத்தரு குடத்தத் தூக்கினு வருவாரு" என்றார். உங்கள் மேல் இரக்கப்பட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஏன் சார் உங்களுக்கு? ஜாடி ஒடஞ்சிடுச்சின்னு எழுதிக் குடுங்க. புதுசு தரச் சொல்றேன். இனிமே சரியா அளங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

"ஜாடி ஒடையல சார்" என்றீர்கள். "நான்தான் தப்பா அளந்தேன்னு எழுதித் தரேன்."

எழுதிக் கொடுத்தீர்கள். வாங்கி வைத்துக்கொண்டார்கள். அத்தோடு சரி.

எங்கள் ஆபீசிலும் நான் கேட்டுப் பார்த்தேன். "மழையளவுக்கு யாராச்சும் திருத்தம் போடுவாங்களா?" என்றார்கள். வற்புறுத்தியதில் இரண்டு வரி வந்தது. 'மலைப்பகுதியில் சில நாட்களின் மழையளவு சற்று மாறுபட்டிருக்கலாம்.' நீங்கள் அதைப் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தீர்கள். கோபப்படவில்லை. "கூட குறைய இருக்கலாம்ன்றது அளக்கத் தெரிஞ்சவன் நேர்மையா சொல்ற வார்த்தை சார். அத ஒளிஞ்சிக்கறதுக்குப் பயன்படுத்தக் கூடாது. இது 'கலாம்' இல்ல. ரெண்டு மடங்கு" என்றீர்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓடையைத் தாண்டி அந்தக் குக்கிராமத்துக்குப் போனோம். நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை. நானாக வந்தேன். பாதையின் இருபக்கமும் பிடுங்கிப் போட்ட கிழங்குகள் கறுத்துக் கிடந்தன. அந்தப் புளித்த நாற்றம் ஊர் வரைக்கும் கூடவே வந்தது.

சடையன் வீட்டு வாசலில் ஆட்கள் கூடினார்கள். நீங்கள் டப்பாவையும் ஜாடியையும் தரையில் வைத்து, தண்ணீர் ஊற்றிக் காட்டினீர்கள். "நீங்க பொய் சொல்லல. நான் தப்பா அளந்துட்டேன். ஆபீசுல சொல்லிட்டேன். அவங்க மாத்த முடியாதுன்னுட்டாங்க. உங்க நிவாரணம் என்னாலதான் போச்சி."

திட்டு விழும் என்று காத்திருந்தோம். சடையனின் மனைவிதான் முதலில் பேசினார். "அட, இத்தச் சொல்றதுக்கா சார் இம்மாந்தூரம் நடந்து வந்தீங்க?"

சடையன் தலையைச் சொறிந்தார். "சார், நாங்களும் ஜாஸ்தியாதான் சொன்னோம். பேஞ்சது நாலு ஒழவுதான்."

"எட்டுன்னு சொன்னீங்களே?"

"ஆபீசுல எது சொன்னாலும் பாதியா கொறப்பாங்க இல்ல? அதான் எட்டுன்னா நாலுல வந்து நிக்கும்னு சொன்னோம். எப்பவும் அப்பிடிதான் சார் சொல்றது." பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "அவங்க கொறக்கறதுக்கு முன்னால இந்தத் தபா நம்ப வாத்தியாரே கொறச்சிட்டாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் குத்தல் எதுவும் இல்லை. நம்மால் அதில் சேரத்தான் முடியவில்லை.

சடையன் என் பக்கம் திரும்பினார். "பேப்பருகார சார் நீங்கதான? 'விவசாயிகள் சொல்வது வேறு'ன்னு போட்டிருந்தீங்களே. மல்லிகா படிச்சிக் காமிச்சா."

ஆமாம் என்றேன்.

"பரவால்ல வுடுங்க. எங்க ஊரு பேரு பேப்பருல வந்தது அதான் மொத தபா."

கதவருகே மல்லிகா நின்றிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. தரையில் இருந்த ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிடாமல் விடமாட்டோம் என்று உட்கார வைத்தார்கள். கிழங்கு போய்விட்டதால் வீட்டில் இருந்த சாமையைச் சோறாக்கினார்கள். நீங்கள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தீர்கள். திரும்பும்போது ஓடையில் கால் கழுவ நின்ற இடத்தில், "திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும் சார்" என்றீர்கள். கொஞ்சம் நடந்த பிறகு, "கருவியில இருக்கற பிழையக் கண்டுபுடிச்சிட்டேன். நம்மகிட்ட இருக்கற பிழைய அவங்க எப்பவோ கண்டுபுடிச்சி, அதுக்குத் தக்க ரெட்டிப்பா பேசிப் பழகிக்கினு இருக்காங்க பாருங்க" என்றீர்கள்.

நிவாரணம் வரவேயில்லை. சடையன் குடும்பம் கேரளாவுக்கு மிளகுத் தோட்ட வேலைக்குப் போனது. மல்லிகாவையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அவளைப் பள்ளிக்கு அனுப்பும்படி நீங்கள் போய்க் கேட்டீர்கள். அடுத்த வருஷம் அனுப்புகிறோம் என்றார்கள். அடுத்த வருஷமும் அவள் வரவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் முதல் பாடத்துக்குக் கோலிக்குண்டோடு இந்த ஜாடியையும் மேசைமேல் வைத்து, நடந்ததைச் சொல்வீர்கள் என்று கேள்விப்பட்டேன். பிள்ளைகள் சிரிப்பார்களாம். "மல்லிகா பேர மட்டும் சொல்றதில்ல சார். அதுக்கு எனக்கு யோக்கியத இல்ல" என்று ஒருமுறை என்னிடம் சொன்னீர்கள். பணி ஓய்வு பெற்ற அன்று மாலையும் மரியாதையும் வாங்கிக்கொண்டு ஜாடியைத் துண்டில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போனீர்கள். அதிகாரி எழுதித் தரச் சொன்னதுபோலவே அதை அப்போதே உடைத்திருந்தால் உங்கள் வீட்டில் ஒருவருக்காவது நிம்மதி இருந்திருக்கும். உங்கள் மனைவியின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நானும் உடைக்கப் போவதில்லை.

இப்போது மலையில் தானாக அளக்கும் கருவி வைத்திருக்கிறார்கள். குனிய வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. எண் நேராகப் போனுக்கு வந்துவிடுகிறது. நேற்று இரவும் நல்ல மழை. காலையில் எங்கள் ஆபீசிலிருந்து பையன்கள் கூப்பிட்டார்கள். "நம்பர் வந்துடுச்சு சார், போட்டுடலாமா?" கொஞ்சம் பொறுங்கள் என்றேன். உங்களுக்குப் பிறகு எனக்கு அந்தப் பழக்கம் உண்டு. ஒரே ஒரு கருவி சொல்வதை வைத்து நான் செய்தியை அனுப்புவதில்லை.

மலையில் யாரைக் கேட்கலாம் என்று விசாரித்ததில், மல்லிகா திரும்பி வந்து சில வருஷங்கள் ஆகின்றன, பழைய நிலத்திலேயே மரவள்ளி போட்டிருக்கிறாள் என்றார்கள். நம்பரும் கொடுத்தார்கள். மேசைமேல் உங்கள் ஜாடி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவளுக்குப் போன் போட்டேன். நான் யார் என்று சொன்னேன். உங்களைப் பற்றியும் சொன்னேன்.

"தெரியும் சார். சாவுக்கு வந்திருந்தேன். பின்னால நின்னுட்டுப் போயிட்டேன்" என்றாள்.

நான் அன்று முன்வரிசையில் நின்றவன். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

மழையைப் பற்றிக் கேட்டேன். "ராத்திரி அங்க எவ்ளோ மழைம்மா? எத்தன உழவு?"

அவள் சிரித்தாள். அப்பாவின் சிரிப்புதான், ஆனால் அவ்வளவு இளக்கம் இல்லை.

"சொல்றேன் சார். நீங்க பாதியா கொறப்பீங்களா, மாட்டீங்களா? அத மொதல்ல சொல்லுங்க. அதுக்கப்புறம் நான் சொல்றேன்."